மூன்று இன்லேண்ட் கடிதங்கள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என்னால் அப்படி முடியாது. ஒரு தாய் தன் மகனுக்குக் கட்டிக் கொடுத்த பலகாரத்தை நடுவழியில் பிரித்துத் தின்றவன் நான். பசி தாங்காமல் தின்றேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஜெயசீலன். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் போகிற ரோட்டில் எங்கள் காலனி. அப்பா கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர். அம்மா நாற்று நடவும் களை எடுக்கவும் போவாள். காலனியில் பி.யு.சி. தேறிய முதல் ஆள் நான். டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையரும் தேறினேன். ஆரணி பஜாரில் ஒரு பட்டுநூல் கடைக்கு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அங்கேயே சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. கீழே நூலுக்குப் பேரம் நடக்கும். மேலே பத்து மிஷின் ஒரே நேரத்தில் தட்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து நான் துபாயைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

1978இல் எனக்கு இந்த விசாப் பைத்தியம் பிடித்தது. பேப்பரில் வருகிற வெளிநாட்டு வேலை விளம்பரங்களை எல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்தேன். எந்த நாட்டுக்கு எந்த ஆள் வேண்டும், எந்தத் தாள் வேண்டும் என்று எல்லாம் எழுதி வைத்தேன். டாக்டர், நர்ஸ், இன்ஜினீயர் என்றால் அமெரிக்கா, இங்கிலாந்து வரைக்கும் வழி உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு வளைகுடா. வேலை விசா என்றால் அங்கே இருக்கிற கம்பெனி தன் பொறுப்பில் கூப்பிட வேண்டும். அதற்கு அந்த ஊர் அரசாங்கம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள் தர வேண்டும். விசிட் விசா என்பது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு. அதில் வேலை செய்யக் கூடாது. கொத்தனார், வெல்டர், பிளம்பருக்கு மெட்ராஸிலேயே கையால் செய்து காட்டச் சொல்லி ஆள் எடுப்பார்கள். டைப்பிஸ்ட் என்றால் கேள்வி கேட்பதோடு சரி. இதெல்லாம் எனக்குத் தலைகீழாகச் சொல்ல வரும். ஆரணி டவுனிலிருந்து சந்தவாசல் வரைக்கும் யாருக்குப் பாஸ்போர்ட் பாரம் நிரப்ப வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். காலனியில் என் பெயரே மறந்துபோய் எல்லோரும் ‘விசா’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் பெருமை.

1979 ஏப்ரலில் மெட்ராஸ் போய் ஒரு ஏஜெண்டைப் பார்த்தேன். துபாயில் ஒரு கட்டடக் கம்பெனிக்கு டைப்பிஸ்ட் வேண்டும் என்றார். இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டார். “கன்ஃபர்ம் தம்பி. பாஸ்போர்ட்ட ரெடியா வெச்சிக்க. ஒரு மாசத்துல விசா வந்துடும்” என்றார். வந்துடும் என்றாரே தவிர வந்துவிட்டது என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் வேலூர்ப் பக்கமிருந்து ஒரு பிரசங்கியார் எங்கள் சபைக்கு வந்து மூன்று நாள் கூட்டம் நடத்தினார். கேட்டது கைக்கு வரும் முன்னமே வந்ததாக நம்பி ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்று பேசினார். எனக்கு அது மண்டையில் ஏறிவிட்டது. எனக்கு எதுவுமே ஜல்தியாகத்தான் ஏறும். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்மை பெற்றவர்கள் காணிக்கைக் கவரின் மேல் இன்ன காரியத்துக்காக ஸ்தோத்திரம் என்று எழுதிப் போடுவார்கள். ஆராதனை முடிவில் உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகப் படிப்பார். மாடு கன்று போட்டதற்காக, காய்ச்சல் விட்டதற்காக, பையன் பத்தாவது தேறியதற்காக என்று வரும். மே மாதம் இரண்டாம் ஞாயிறு நானும் ஒரு கவர் போட்டேன். “துபாய் நாட்டு வேலை விசா கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று நல்ல எழுத்தில் எழுதினேன்.

விசுவாசத்தில் எழுதினேன். பொய் சொல்ல எழுதவில்லை. இதை மட்டும் என் பக்கத்து நியாயமாகச் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த நிமிஷத்திலிருந்து நடந்ததற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

உபதேசியார் அதைப் படித்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொரு தரம் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “ஏம்பா ஜெயசீலா, வந்துடுச்சா?” என்றார்.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இன்னும் வரவில்லை ஐயா, வரும் என்று நம்பி எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். சின்ன வாக்கியம்தான். நான் எழுந்து நின்று, “ஆமாங்க ஐயா” என்றேன்.

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது.

என் கூட்டாளி தேவராஜ் ஆரணி ரைஸ் மில் ஒன்றில் ஃபிட்டர். வாய் நீளம், மனசு சுத்தம். வெளியே வந்ததும் தோளில் அடித்தான். “இன்னாடா விசா, ஏரோப்ளேன் நம்ம காலனிக்கே வந்து ஒன்ன ஏத்திகினு போவுமா, இல்ல பஸ்ஸு ஸ்டாண்டுக்கு நீதான் போவணுமா?”

“போடா” என்றேன். சிரித்தேன். அவனிடமாவது சொல்லியிருக்கலாம்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? ஊர் என்னை நடத்துகிற விதமே மாறிவிட்டது. அப்பா யாருக்கு ஏர் ஓட்டுகிறாரோ அந்த நிலத்துக்காரர், ஜென்மத்தில் முதல்முறையாக என்னை “வாப்பா” என்று கூப்பிட்டார். அப்பா அதைக் கேட்டு வீட்டில் வந்து மூன்று தரம் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படி வாயைத் திறப்பேன்? மே போயிற்று. ஏஜெண்டுக்கு எழுதினேன். “வருகிறது” என்று ஒற்றை வரியில் பதில். எப்போது புறப்படுகிறாய் என்று கேட்டுக் கேட்டு எல்லோரும் என்னைப் பேஜார் பண்ணினார்கள். ஜூன் கடைசி என்று சொல்லிவிட்டேன். சொன்ன தேதி வந்தே விட்டது. இன்ஸ்டிட்யூட் வேலையையும் விட்டுவிட்டேன். தினமும் முழங்கால் போட்டேன். தேவனே, இந்த விசாவைக் கொடுத்து என் பொய்யை மெய்யாக்கும் என்று கேட்டேன். இப்படி ஒரு ஜெபத்தைச் செய்தவன் நான் என்று எழுதவே கை கூசுகிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் காலனியே கூடி எனக்கு வழியனுப்பு ஜெபம் நடத்தியது. ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு ராஜம்மா பெரியம்மா மட்டும் ஒரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராஜம்மா பெரியம்மா எங்களுக்கு மூன்றாவது வீடு. புருஷன் இல்லை. ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டில் ராட்டையில் பட்டுநூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. ஒரே மகன் தானியேல், என்னைவிட மூன்று வயது பெரியவன், நல்ல கொத்தனார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஏஜெண்ட் மூலம் துபாய் போனான். முதலில் கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு எட்டு மாதமாக ஒரு வரி இல்லை.

“சீலா, நீ போற ஊருதான்டா அவனும் இருக்கான். அட்ரசு இருக்குது, பாரு” என்று பழைய கடிதத்தைக் காட்டினாள். வளைகுடா முகவரியில் தெரு இருக்காது, தபால் பெட்டி எண்தான் இருக்கும். அதைச் சொன்னேன்.

“பொட்டி நம்பரா? எம்புள்ள அந்தப் பொட்டிக்குள்ளயாடா குந்திகினு இருக்கான்?” என்றாள். என் அம்மா சிரித்துவிட்டாள். பெரியம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “நீ போயி நேர்ல பாரு. கொஞ்சம் பலகாரம் வெச்சிருக்கேன், அதிரசமும் முறுக்கும். அவன் கையில குடுத்துட்டு, ஒரு வாய் திங்க வெச்சிட்டுத்தான் நீ வரணும்.”

அப்புறம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த தானியேலின் விசாத் தாளையும் காட்டினாள். போட்டோஸ்டாட் நகல். பாதி அரபி, பாதி இங்கிலீஷ். “இது சரியான விசாதானாடா? யாருக்குமே படிக்கத் தெரியல. நீதான் இதுல பெரிய படிப்பு படிச்சவனாச்சே.”

கையில் வாங்கினேன். என் கண் அந்தத் தாள்மேல் போயிற்று, மனசு போகவில்லை. நாளைக்கு மெட்ராஸில் ஏஜெண்ட் என்ன சொல்வாரோ என்று அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. “நல்ல விசா பெரிம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஊரில் எல்லோருடைய தாளையும் வரிவரியாகப் படித்தவன், அந்த ஒரு தாளை மட்டும் படிக்கவில்லை.

மறுநாள் மாலை போட்டு பஸ் ஏற்றினார்கள். மெட்ராஸில் இறங்கியதும் முதல் வேலையாக அந்த மாலையைக் கழற்றி ஒரு சுவர் ஓரமாக வைத்தேன்.

ஏஜெண்ட் ஆபீஸில் அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. பிறகு நினைவு வந்து, “அந்த டைப்பிஸ்ட் வேலையா? அங்கியே ஆள் போட்டுட்டாங்க தம்பி” என்றார். “இப்ப கொத்தனாருக்குத்தான் ஆள் எடுக்கறாங்க. உம்பேர்ல மேசன்னு போட்டுடட்டா? டெஸ்ட்ட ஒப்பேத்திட்டீன்னா அங்க போயி ஆபீஸ் வேலைக்கு மாறிக்கலாம்.”

சரி என்றேன். முதல் பொய்யாவது எழுந்து நின்ற வேகத்தில் வந்தது. இது நன்றாக யோசித்துச் சொன்ன பொய்.

நகரத்துக்கு வெளியே ஒரு திடலில் டெஸ்ட். முப்பது நாற்பது பேர் வரிசை. எல்லோருடைய கையும் சிமெண்ட் தின்ற கை. என் கை டைப் அடித்த கை. செங்கல்லையும் கலவையையும் கொத்துக் கரண்டியையும் கொடுத்து, இரண்டு பக்கமும் சேர்கிற மூலை ஒன்றை ஐந்து வரிசை எழுப்பச் சொன்னார்கள். மூன்றாவது வரிசையிலேயே என் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பார்வையிட வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் போல. குனிந்து என் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏலே, நீ இதுக்கு முன்னால கரண்டிய சோறு போடத்தான் புடிச்சிருக்கியா?” என்றார். வரிசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தேன்.

ஊருக்குத் திரும்பிப் போக முடியாது. காலனியைப் பொறுத்தவரை நான் கடல் தாண்டிவிட்டேன். ராயபுரத்தில் ஐந்து பேர் தங்குகிற ஒரு அறையில் மூலை கிடைத்தது. பகலில் ஏஜெண்ட் வாசல்களில் நிற்பேன். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத முடியவில்லை. எழுதினால் மெட்ராஸ் தபால் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும். ஆகையால் எழுதாமலே இருந்தேன். அம்மா தினம் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பாள் என்று தெரியும். தெரிந்தும் எழுதவில்லை.

ஐந்தாவது வாரம். ஒரு மத்தியானம். அறையில் யாரும் இல்லை. முந்தின நாளிலிருந்து டீயைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. ராஜம்மா பெரியம்மாவின் மூட்டை மூலையில் இருந்தது. அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தேன். வெல்லமும் நெய்யும் மணத்தது. எப்படியும் கெட்டுத்தான் போகப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் இழுத்துப் பிரித்தேன். அறுந்து கழிந்த பட்டு நூல்களை முறுக்கி அதைக் கட்டியிருந்தாள். சிவப்பும் பச்சையுமாக ராட்டை வேலையில் மிஞ்சுகிற நூல். கையால் அறுக்க வரவில்லை. பல்லால் கடித்தேன், அதற்கும் அறவில்லை. கடைசியில் சவர பிளேடால் அறுத்தேன்.

அதிரசம் எல்லாவற்றையும் தின்றேன். முறுக்குத் தூளையும் வழித்துத் தின்றேன். துணியின் அடியில் ஏதோ காகிதம் தட்டுப்பட்டது.

மூன்று இன்லேண்ட் கடிதங்கள். புதுசு. மூன்றிலும் பெறுநர் இடத்தில் ராஜம்மா பெரியம்மாவின் பெயரும் காலனி முகவரியும் எழுதியிருந்தது. அந்த எழுத்து எனக்குத் தெரியும். எங்கள் ஊர்த் தபால்காரர் முனுசாமி அண்ணனின் எழுத்து.

புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஊரில் எழுதுவதற்குத் தாள் கிடைக்காமல்தான் மகன் எழுதாமல் இருக்கிறான் என்று அவள் நினைத்திருக்கிறாள். முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டால் அவனுக்கு வேலை சுலபம், நாலு வரி எழுதி ஒட்டிப் போட்டால் போதும். இன்லேண்ட் நம் நாட்டுக்குள்தான் செல்லும். துபாய் தபால் பெட்டியில் போட்டால் அது வெறும் நீலக் காகிதம். இதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை.

நெய் பிசுக்கோடு அந்தக் கடிதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது. தானியேல் ஏன் எழுதவில்லை என்று எட்டு மாதமாக ஊரே கேட்டது. அந்த அறையில் இருந்த எனக்கு அதற்குப் பதில் தெரியும். நான் ஏன் எழுதவில்லையோ அதனால்தான். அவனும் எங்கேயோ ஒரு மூலையில் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

முழங்கால் போட்டேன். அழுகை வந்துகொண்டே இருந்தது. தேவனே, எனக்கு விசா வேண்டாம். என் பொய் பொய்யாகவே ஊர் முன்னால் கிடக்கட்டும். அந்தத் தாயின் பிள்ளையை எங்கே இருந்தாலும் காட்டும். இவ்வளவுதான் கேட்டேன். இரண்டு மாதத்தில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அது.

எழுந்தவுடனே எழுதிவிட வேண்டும் என்று வேகம். கையில் காசில்லை, இன்லேண்ட் இருந்தது. ஒன்றை எடுத்தேன். நான் துபாய் போகவில்லை, மெட்ராஸில்தான் இருக்கிறேன், பலகாரத்தைத் தின்றுவிட்டேன், உங்கள் மகனை நான் பார்க்கவே இல்லை, மன்னித்துவிடுங்கள் என்று ராஜம்மா பெரியம்மாவுக்கு எழுதினேன். முகவரி ஏற்கனவே இருந்தது. ஒட்டிப் போட்டுவிட்டேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. என்னுடைய ஜல்தி அப்போதும் என்னை விடவில்லை.

அறையில் இருந்த ஒருவர் பஸ் காசு கொடுத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு முதல் வாரம், ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பட்டப்பகல். தேவராஜ் மில்லுக்கு பெல்ட் வாங்கிக்கொண்டு எதிரே வந்தான்.

“துபாய் இம்மாங் கிட்டவாடா இருக்குது?” என்றான். சிரிக்கவில்லை. “ஏண்டா, எழுதறதுக்கு ஒனக்கு வேற காயிதமே கெடைக்கலியா?”

எனக்கு விளங்கவில்லை. அவன் சொன்னான்.

முனுசாமி அண்ணன் பையைப் பிரித்ததும் தன் எழுத்தைப் பார்த்திருக்கிறார். செல்லாது என்று தெரிந்தும் அவள் மனசுக்காகத் தான் முகவரி எழுதிக் கொடுத்த இன்லேண்ட். மேலே மெட்ராஸ் முத்திரை இருக்கவும், தானியேல் மெட்ராஸில் வந்து இறங்கிவிட்டான் என்றே நினைத்திருக்கிறார். உடனே சைக்கிளைக் காலனிக்கு விடாமல், ராஜம்மா பெரியம்மா வேலை செய்கிற தறிக்காரர் வீட்டுக்கே விட்டிருக்கிறார். “ராஜம்மா, வந்துடுச்சும்மா! ஒம்புள்ள எழுதிட்டான்!” ராட்டையை அப்படியே விட்டுவிட்டு அவள் தெருவுக்கு ஓடி வந்திருக்கிறாள். கடிதத்தை அங்கே பிரிக்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாலு மைல் நடந்து காலனிக்கு வந்து, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் என் தானி எழுதிட்டான் என்று சொல்லிக்கொண்டு, உபதேசியார் வீட்டுக்குப் போய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். காலனியே பின்னால் வந்து நின்றிருக்கிறது.

“உபதேசியாரு பிரிச்சாரு. மொதல் வரி படிச்சிட்டு அப்புடியே நின்னுட்டாரு. ‘படிங்க ஐயா, இன்னா எழுதிகிறான்’ன்னு கேட்டுகினே கீது அந்தம்மா. அவரு எங்கள எல்லாம் பாத்தாரு. அப்பால முழுசா படிச்சாரு.” தேவராஜ் தரையைப் பார்த்தான். “நீ பொய் சொன்னதுகூட எனக்குப் பெருசா தெரியலடா. நெசத்த சொல்றப்பவாவது கொஞ்சம் ரோசன பண்ணக் கூடாதா?”

பிரியமானவர்களே, என் வெட்கம் அவ்வளவும் ஒரு பக்கம், இது மட்டும் ஒரு பக்கம். இன்றைக்கும் யாராவது கையில் நீலக் கடிதத்தைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நேராகத் தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். ராஜம்மா பெரியம்மா ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். சக்கரத்தை நிறுத்தவில்லை.

“பெரிம்மா” என்றேன்.

“அதிரசம் கெட்டுப்பூடலியே?” என்றாள்.

தலையை ஆட்டினேன்.

“வயிறு ஒண்ணும் பண்ணலியே?”

“இல்ல பெரிம்மா.”

சக்கரம் நின்றது. “அப்பறம் இன்னாத்துக்கு அழுவற? தின்னத பத்தி நான் கேக்கலடா. பசிச்சிது, தின்ன. நீ போறேன்னு சொன்னதால நான் வேற யாருகிட்டயும் சொல்லி வுடாம இருந்துட்டேன். சந்தவாசல்லேந்து ஒரு புள்ள போன மாசம் துபாய் போச்சு. அவங்கிட்ட சொல்லியிருப்பேன். இப்ப எம்புள்ளைய யாருடா போயி பாப்பா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. அந்த விசாத் தாளைக் கொடுங்கள் என்று கேட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னாள். வெளிச்சம் போவதற்குள் வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது. விசிட். தங்குவதற்கு மூன்று மாதம். வேலை செய்யக் கூடாது என்று கீழே தனியாக வேறு போட்டிருந்தது.

தானியேலை வேலை விசா என்று சொல்லி விசிட் விசாவில் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதம் முடிந்ததும் அவன் கணக்கில் இல்லாத ஆள். அந்தத் தபால் பெட்டி அவன் முதலில் போன கம்பெனியுடையது. அவன் அங்கே இல்லை என்றால் இங்கிருந்து போன கடிதம் ஒன்றுகூட அவனுக்குச் சேர்ந்திருக்காது. வெளியே போனால் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து எங்கேயோ கூலிக்கு வேலை செய்துகொண்டிருப்பான். ஜூன் மாதமே நான் ஒழுங்காகப் படித்திருந்தால் ஜூன் மாதமே இது தெரிந்திருக்கும். அதையும் பெரியம்மாவிடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவள் “உம்” என்றாள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிவில் நானே எழுந்து, மே மாதக் கவரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கூரை அதிரவில்லை. அப்பா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. உபதேசியார் மட்டும் எழுந்து, “அவன் எழுதினத நான் ஒரு வார்த்த கேக்காம படிச்சேன். எனக்கும் அதுல பங்கு இருக்குது” என்றார். பிறகு ராஜம்மா பெரியம்மாவைப் பார்த்து, “அம்மா, வெள்ளிக்கெழம உபவாச ஜெபத்துல தானியேலுக்காக ஜெபிப்போம். இந்தத் தபா நெசத்துக்கு ஜெபிப்போம்” என்றார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் ஜெபித்தோம். நான் இன்ஸ்டிட்யூட் முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி மறுபடியும் வேலையில் சேர்ந்தேன். பிள்ளைகள் போன பிறகு மத்தியான நேரத்தில் டைப் அடிப்பேன். அந்த நாட்டில் இருக்கிற நம் தூதரகத்துக்கு எழுதினேன். தானியேலின் பெயர், விசா எண், போன தேதி, போட்டோவில் இருந்தபடி அங்க அடையாளம். பழைய கம்பெனிக்கு ஒன்று. சந்தவாசல் பையன் முகவரியைத் தேடிப் பிடித்து அவனுக்கு ஒன்று. வாரம் தவறாமல் எழுதினேன். நோட்டில் ஒட்டி வைத்திருந்த அத்தனை முகவரிகளும் அப்போதுதான் ஒரு உருப்படியான காரியத்துக்கு உதவின. செப்டம்பர் போயிற்று. அக்டோபர் போயிற்று. பதில் இல்லை. பெரியம்மா கேட்க மாட்டாள். என் மாடிப் படிக்குக் கீழே நூல் கடைக்கு வரும்போது ஒரு தரம் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவாள்.

டிசம்பர் மாதம் அந்த அற்புதம் நடந்தது. தூதரகத்தில் நான் எழுதிய கடிதத்தை யாரோ ஒரு நல்ல மனிதர் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார். வேறு வேலையாக வந்த வேலூர்க்காரர் ஒருவர், ஆரணி என்ற பெயரைப் பார்த்து நின்று படித்திருக்கிறார். அவர் வேலை செய்கிற இடத்தில் தானி என்று ஒரு கொத்தனார். எந்த ஊர் என்று கேட்டால் சொல்லவே மாட்டான். கடிதத்தில் இடது புருவத்துக்கு மேல் தழும்பு என்று போட்டிருந்தேன். வந்து பார்த்தார். தழும்பு இருந்தது.

இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். எத்தனையோ பேர் கடந்து போகிற அந்தப் பலகை முன்னால் அந்த ஒரு மனிதரை நிறுத்தியவர் யார் என்று எனக்குத் தெரியும்.

தூதரகத்தார் ஊர் திரும்ப ஒரு தாள் கொடுத்தார்கள். 1980 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, தானியேல் வேலூர் பஸ்ஸில் வந்து ரோட்டில் இறங்கினான். தோளில் ஒரு ரெக்சின் பை மட்டும். அவன் அம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முகத்தை, தோளை, விரல்களை. அவன்தான் பேசினான். “சும்மா கையோட எப்புடி எழுதறது, எப்புடி வர்றதுன்னு இருந்துட்டேன்மா.” நான் தள்ளி நின்றேன். அவன் இருக்கும் இடம் தெரிந்ததும் நான் அவனுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவன் என்னைக் கண்டுபிடித்து நேராக வந்தான்.

“எம்பலகாரத்த தின்னவன் நீதானா?” என்றான்.

“நான்தாண்ணா.”

“எல்லாத்தையுமா? ஒண்ணுகூட மிச்சம் வெக்கலியா?”

“இல்லண்ணா.”

“சரியான ஆளுடா நீ” என்று என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். நான் அழுததில் அவன் சட்டை நனைந்தது.

அடுத்த ஞாயிறு ராஜம்மா பெரியம்மா ஒரு கவர் போட்டாள். உபதேசியார் எடுத்தார். படிப்பதற்கு முன்னால் கண்ணாடியைத் தூக்கி, “வந்துடுச்சா, வரப்போவுதா?” என்று கேட்டார். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. “வந்து ஒக்காந்துகினு கீறான் பாருங்க ஐயா” என்றாள் பெரியம்மா. அன்றிலிருந்து எங்கள் சபையில் யார் கவர் போட்டாலும் உபதேசியார் அப்படித்தான் கேட்கிறார். கேட்கும்போதெல்லாம் சபை என்னைத் திரும்பிப் பார்க்கிறது. நானும் தலையைக் குனிந்துகொள்கிறேன். அது எனக்கு வேண்டியதுதான்.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. இன்ஸ்டிட்யூட்டில்தான் இருக்கிறேன். யார் விசாத் தாள் கொண்டுவந்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் படிக்காமல் திருப்பிக் கொடுப்பதில்லை. விசிட் என்று இருந்தால் விசிட் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எனக்கு விசா வரவில்லை. ஆசை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இங்கே பொய் எழுதக் கூடாது. பாஸ்போர்ட் பெட்டியில்தான் இருக்கிறது, விளம்பரங்களை இன்னும் வெட்டுகிறேன். வந்தால் வந்த பிறகு ஸ்தோத்திரம் சொல்லுவேன்.

உங்களில் யாராவது எங்கேயாவது ஒரு மூலையில், சொன்ன சொல்லுக்குத் திரும்ப முடியாமல், வீட்டுக்கு எழுத வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தால், உங்களுக்காகத்தான் இது. அவரிடம் உள்ளதை உள்ளபடி கேளுங்கள். என் பொய்யை மறைக்க நான் இரண்டு மாதம் கேட்டேன், அவர் அசையவில்லை. பொய்யை விட்டுவிட்டு ஒரு மத்தியானம் கேட்டேன், கடல் தாண்டி ஒருவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

மீதி இரண்டு இன்லேண்டைப் பற்றிச் சொல்லவில்லையே. தானியேல் வந்த வாரம் அவற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “நீயே வெச்சிக்கடா. ஒருநாளு நெசமாவே போவ. போனா இதுல எழுது” என்றாள்.

இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. “பெரிம்மா, இது அங்கேர்ந்து செல்லாது. நம்ம நாட்டுக்குள்ளதான் செல்லும்” என்றேன்.

கொஞ்ச நேரம் அந்த நீலத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டாள்.

“அப்ப மெட்ராஸ்லேந்து ஒண்ணு போடு. போவலன்னா போவலன்னு எழுது. ஆனா மேல ஒம்பேர எழுதிடுடா, முனுசாமிக்குத் தெரியற மாதிரி.”